பிடித்த பத்து சதவீதம் உங்கள் காசு: கேரக்டர் ஆர்ட்டிஸ்டுகளுக்கு ஓர் ஆடிட்டர் எழுதுவது

சாலிக்கிராமத்தில் ஆபீஸ் வைத்திருக்கும் ஆடிட்டர் நான். சுற்றிலும் டப்பிங் தியேட்டரும் எடிட்டிங் ரூமுமாக இருக்கிற ஏரியா என்பதால் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் சினிமா, சீரியல் ஆட்கள்தான். ஹீரோ, ஹீரோயின் யாரும் இல்லை. அம்மா, மாமியார், சித்தப்பா, இன்ஸ்பெக்டர், ஊர்த் தலைவர் என்று நடிக்கிறவர்கள். கடைத்தெருவில் நாலு பேர் நின்று பார்ப்பார்கள், ஆனால் பெயர் தெரியாது. பிடித்த வரியைத் திரும்பக் கேட்காமலே விட்டுவிடுகிற ஒரே தப்பை இவர்களிடம் வருஷா வருஷம் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

2024 நவம்பரில் ஓர் அம்மா வந்தார். எட்டு வருடமாக சீரியலில் மாமியார், அத்தை வேடம். வீட்டுக் கடன் கேட்டுப் போன இடத்தில் மூன்று வருட ரிட்டர்ன் (வருமான வரிக் கணக்கு) கேட்டிருக்கிறார்கள், இவரிடம் ஒன்றுகூட இல்லை. "எனக்குத்தான் வரியெல்லாம் பிடிச்சிட்டுத்தானே சார் குடுக்கறாங்க, அப்புறம் நான் எதுக்குத் தனியா கட்டணும்?" என்றார். பான் நம்பரை வாங்கி அவருடைய 26ஏஎஸ் படிவத்தை, அதாவது அவர் பெயரில் அரசுக்குக் கட்டிய வரியின் பட்டியலை, எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வருடமும் ஐம்பதாயிரம், எழுபதாயிரம் என்று அவர் பெயரில் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டுகிற வரி) விழுந்து கிடக்கிறது. ஒரு ரூபாய்கூட அவர் திரும்பக் கேட்டதில்லை.

கணக்கு இதுதான். ஒரு நாள் கால்ஷீட்டுக்கு 6,000 ரூபாய், மாதம் 12 நாள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 8,64,000. நீங்கள் மாதச் சம்பளக்காரர் இல்லை, தொழில் செய்கிறவர், அதனால் கம்பெனி உங்கள் பில்லில் 10 சதவீதம் பிடித்துக் கட்டுகிறது. (ஒரே கம்பெனி வருடத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் பிடிக்க வேண்டும். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 30,000.) ஆக 86,400 போய்விடுகிறது. ஆனால் திரைக் கலைஞர்களுக்குச் சட்டத்திலேயே ஒரு வசதி உண்டு. நாங்கள் 44ஏடிஏ என்று சொல்வோம், 2026 ஏப்ரலில் புதிய வருமான வரிச் சட்டம் வந்ததில் எண்தான் மாறுகிறது. ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் அதில் பாதியைச் செலவு என்று வைத்துக்கொண்டு மீதிப் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டலாம், பில், வவுச்சர் எதையும் இணைக்க வேண்டாம். 8,64,000-இல் பாதி 4,32,000. இதற்கு வரி பூஜ்யம். பிடித்த 86,400 முழுவதும் உங்களுக்குத் திரும்ப வர வேண்டிய பணம். ரிட்டர்ன் போட்டுக் கேட்டால்தான் வரும், தானாக வராது.

பாதி செலவு என்பது சலுகை மாதிரித் தெரியலாம். அந்த அம்மா கொண்டுவந்த டைரியைப் பார்த்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2023 செப்டம்பர் 12, செவ்வாய்க்கிழமை: "9-9. பச்சைப் பட்டு, மெரூன் காட்டன் 2. பிளவுஸ் தையல் 450. ஆட்டோ 380. பாக்கி." மாமியார் வேடத்துக்குக் கட்டுகிற புடவை அவருடையது, நகைப்பெட்டி அவருடையது. சீன் முடியாமல் அடுத்த ஷெட்யூலுக்குப் போனால் கன்டின்யூட்டிக்காக, அதாவது அடுத்து எடுக்கும்போதும் அதே உடையில் இருக்க வேண்டும் என்பதற்காக, அந்தப் புடவையைத் தனியாக மடித்து வைக்க வேண்டும், வீட்டில் உறவுக்காரர் கல்யாணம் என்றாலும் கட்டக்கூடாது. பீரோ முழுக்க இப்படி நாற்பது புடவை இருக்கிறது என்றார். இதெல்லாம் தொழில் செலவு இல்லாமல் வேறென்ன?

டைரியில் அந்த "பாக்கி" என்கிற வார்த்தைதான் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. சேனலில் இருந்து கம்பெனிக்கு, கம்பெனியில் இருந்து ஆர்ட்டிஸ்டுக்கு என்று பணம் இறங்கி வர இரண்டு மாதம், மூன்று மாதம் ஆகிறது, அதற்குள் கதையின் டிராக் மாறி கேரக்டரை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டால் கேட்கிற தைரியமும் போய்விடுகிறது. தேதி போட்டு எழுதி வைத்திருந்ததால் எந்தக் கம்பெனியில் எத்தனை நாள் வேலை, எவ்வளவு வந்தது, எவ்வளவு வரவில்லை என்று ஒரு மணி நேரத்தில் பிரித்துவிட்டோம். ஒரு கம்பெனி பில்லில் வரியைப் பிடித்திருக்கிறது, ஆனால் அரசுக்குக் கட்டவில்லை, 26ஏஎஸ்-இல் அந்தப் பணம் இல்லை. உங்களிடம் ஒருமுறை பிடித்துவிட்ட வரியை மறுபடி உங்களிடம் கேட்கக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் பிடித்தார்கள் என்று காட்ட வவுச்சரோ வாட்ஸ்அப் செய்தியோ ஏதாவது கையில் இருக்க வேண்டும். புரொடக்ஷன் மேனேஜர் வவுச்சரை நீட்டும்போது கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அரை நிமிஷ வேலை.

இன்னொரு விஷயம், இதில் ஏமாந்தவர்கள் நிறைய. வாய்ப்பு பிடித்துக் கொடுக்கிற கோ-ஆர்டினேட்டர் மூலமாகப் போகிறவர்களுக்குப் பணம் சில நேரம் அவருடைய கணக்குக்கு மொத்தமாகப் போய், அவர் கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியைக் கையில் தருகிறார். அப்போது டிடிஎஸ் அவருடைய பானில் விழுகிறது. நடித்தது நீங்கள், வரிப்பணம் திரும்ப வருவது அவருக்கு, உங்கள் பெயரில் வருமானம் என்று ஒரு தடயமும் இல்லை. கமிஷனைத் தனியாகக் கொடுங்கள், சம்பளம் உங்கள் கணக்குக்கே வரட்டும். பான் கொடுக்காவிட்டாலோ, ஆதாரோடு இணைக்காமல் செயலிழந்து கிடந்தாலோ பத்துக்குப் பதில் 20 சதவீதம் பிடிப்பார்கள்.

சிறு பட்ஜெட் படங்களில் கதை வேறு. அட்வான்ஸ் கொஞ்சம், மீதி டப்பிங் பேசும்போது என்பதுதான் வழக்கம், அந்த வழக்கத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். "படம் வியாபாரம் ஆகட்டும் அண்ணே, சேர்த்துத் தர்றேன்" என்று சொல்கிற பையன் நல்லவனாகவே இருக்கலாம், ஆனால் படமே வெளியே வராமல் போகலாம். செக் கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் பேங்கில் போடுங்கள். திரும்பி வந்தால் பேங்க் மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும், அவர் கட்ட 15 நாள் அவகாசம், அதற்கும் கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். இந்தத் தேதிகளைத் தவறவிட்டு, "பழகினவர், எப்படிக் கேட்பது" என்று ஒரு வருடம் காத்திருந்து வந்த ஒருவருக்கு என்னால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. அப்புறம், ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ ஒரே படத்துக்கு ஒருவரிடமிருந்து வாங்காதீர்கள். வாங்கின தொகை அளவுக்கே அபராதம் வரலாம், அதுவும் வாங்கியவருக்குத்தான்.

ரொக்கமாக வாங்கினால் யாருக்கும் தெரியாது என்று நினைக்க வேண்டாம். ஒருவருக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்த விவரத்தைத் தயாரிப்பாளர்கள் வரித்துறைக்குப் பட்டியலாகத் தர வேண்டும். 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சீரியலுக்கும் ஓடிடிக்கும் இது உண்டு.

ரிட்டர்ன் போடும்போது பிரவுசிங் சென்டரில் ஐடிஆர்-1 படிவம் போட்டுவிட்டு வருகிறார்கள். அது சம்பளக்காரர்களுக்கானது. நான் சொன்ன வசதிக்கு ஐடிஆர்-4. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டியும் வரும், அப்போது ஓர் ஆடிட்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

வேலை நின்றால் என்ன என்பதை 2020 மார்ச் எல்லோருக்கும் காட்டிவிட்டது. நாள் சம்பளத்துக்கு பிஎஃப் கிடையாது. அதனால் வருகிற ரீஃபண்டைத் தொடாமல் அப்படியே பிபிஎஃப்-இல் (யாரும் தொடங்கக்கூடிய பொது சேமநிதிக் கணக்கு) போடச் சொல்கிறேன். வருடத்துக்கு 500 ரூபாய் கட்டினாலே கணக்கு ஓடும், அதிகபட்சம் ஒன்றரை லட்சம் கட்டலாம், 15 வருடம். வேலை இல்லாத வருடத்தில் 500 மட்டும் கட்டலாம் என்பதால் இந்தத் தொழிலுக்கு அது பொருந்துகிறது.

அந்த அம்மா விஷயத்துக்கு வருகிறேன். நடப்பு வருட ரிட்டர்னை டிசம்பர் 31-க்குள் தாமதக் கட்டணத்தோடு போட்டோம். அதற்கு முந்தைய ஐந்து வருடங்களுக்கு, கணவரின் சிகிச்சைக் காகிதங்களை எல்லாம் வைத்து, தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப் போட்டோம். அப்படிப் போட மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்ததிலிருந்து ஐந்து வருடம்தான் அனுமதி, கிடைத்தாலும் வட்டி கிடையாது. 2016-17, 2017-18 இரண்டு வருடப் பணத்துக்கு வழியே இல்லை, காலம் தாண்டிவிட்டது. அந்த இரண்டு டைரிகளையும் அவர் மேஜையிலிருந்து எடுத்து மறுபடி பையில் வைத்துக்கொண்டார். "முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா வந்திருப்பேனே சார்" என்றார்.