‘மோசடி ஆள்சேர்ப்பு’ அல்ல, மறைத்துச் சேர்தல்

இருந்த நோயைச் சொல்லாமல் அமெரிக்கப் படையில் சேர்ந்து, பிறகு தெரியவந்து வெளியே அனுப்பப்பட்டவர் பற்றிய செய்தியில் மறுபடியும் அதே தொடர்: “மோசடி ஆள்சேர்ப்புக்காகப் பணிநீக்கம்.” ஆங்கிலத்தில் ‘ஃப்ராடுலன்ட் என்லிஸ்ட்மென்ட்’டுக்காக ‘டிஸ்சார்ஜ்’ என்பதன் மொழிபெயர்ப்பு இது. இரண்டு பாதியும் தவறு.

‘என்லிஸ்ட்’ என்றால் பட்டியலில் பெயர் ஏறுவது. ‘டிஸ்சார்ஜ்’ சுமை இறக்குவதைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. அவ்வளவுதான்.

தமிழில் சேர்தல் வேறு, சேர்த்தல் வேறு. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டுக்கும் ஓடும். நமக்கு ஓர் ஒற்றே யார் செய்தார் என்று காட்டிவிடும். ஆள்சேர்ப்பு என்பது அதிகாரியோ தரகரோ செய்வது. வியாசர்பாடியில் மிலிட்டரிக்காக ஓடிப் பழகும் பையன்களிடம் ‘மோசடி ஆள்சேர்ப்பு’ என்று சொல்லிப் பாருங்கள். வேலை வாங்கித் தருவதாகப் பணத்தைச் சுருட்டியவனைத்தான் நினைப்பார்கள். அவர்கள் புரிந்துகொள்வதுதான் சரியான தமிழ். செய்தியிலோ ஏமாற்றியவரும் ஏமாந்தவரும் இடம் மாறிவிடுகிறார்கள்.

சிலர் ‘போலிச் சேர்க்கை’ என்கிறார்கள். அதுவும் ஒட்டாது. பதில்தான் பொய், சேர்ந்தது உண்மை. அமெரிக்கப் படைச் சட்டத்தில் இந்தக் குற்றம் (பழைய 83ஆம் பிரிவு, 2019 முதல் 104அ) நிற்க வேண்டுமானாலே, சேர்ந்தவர் சம்பளமோ படியோ வாங்கியிருக்க வேண்டும்.

‘மறைத்துச் சேர்தல்’ என்பதே பொருந்தும். தெரிந்ததைத்தான் மறைக்க முடியும். வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டதும் வீசிங் இருந்ததும் தெரிந்தே ‘இல்லை’ என்று எழுதினால் அது மறைப்பு. தனக்கே தெரியாத இதயக்கோளாறு பின்னால் வெளிப்பட்டால் மறைப்பு ஆகாது. நம் 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 44ஆம் பிரிவும் வேண்டுமென்றே சொன்ன பொய்ப்பதிலைத்தான் குற்றமாக்குகிறது; 5 ஆண்டு வரை சிறை.

அப்புறம் ‘பணிநீக்கம்’. அது தண்டனைச் சொல். நம் இராணுவச் சட்டத்தில் டிஸ்மிஸுக்கு ஒரு பிரிவு, டிஸ்சார்ஜுக்கு வேறு பிரிவு. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் ஆனவரை ‘நீக்கிவிட்டார்கள்’ என்று யாராவது சொல்வோமா? அமெரிக்காவில் நற்பெயரோடு வெளியே வருவதும் டிஸ்சார்ஜ்தான், அவப்பெயரோடு வருவதும் டிஸ்சார்ஜ்தான். ஆகவே ‘விடுவிப்பு’ என்பதே சரி. அது வழக்கிலிருந்து விடுதலை போலத் தோன்றும் என்பார்கள். சரி, முன்னால் ‘படை’ சேர்த்தால் அந்தக் குழப்பம் இல்லை: படைவிடுவிப்பு.

யார் யாரை ஏமாற்றினார் என்றுகூடக் கேட்காமல், அகராதியில் முதலில் கண்ட சொல்லை ஒட்டிவிடும் மொழிபெயர்ப்பு பெருகிவிட்டது. இந்தச் செய்திக்கு ஒரு வரி போதும்: “நோயை மறைத்துச் சேர்ந்ததற்காகப் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார்.”