ஆர்.ஓ.வில் எதை நிலையாக வைப்பது?

ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கத் தோல் ஆலைகளின் கழிவுநீர் நிலையத்தில் காசு கரைவது, தண்ணீரைக் கொதிக்கவைத்து வற்றவைக்கும் எவாப்பரேட்டரில்தான். பாலாற்றுக்கு ஒரு சொட்டும் போகக்கூடாது, ஆர்.ஓ. மெம்பிரேன் (உப்பை வடிக்கும் சவ்வு) நல்ல தண்ணீரைப் பிரித்தபின் மிஞ்சும் உப்புநீரான ரிஜெக்ட் முழுவதையும் நீராவி வைத்தே வற்றடிக்க வேண்டும். ரிஜெக்ட் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு மிச்சம். எல்லை மீறினால் மெம்பிரேனில் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) படியும். கால்சியம் சுண்ணாம்பிலிருந்து வருகிறது, சல்பேட், பதனிடுவதற்கு முன் தோலை ஊறவைக்கும் பிக்கிள் அமிலத்திலிருந்தும் குரோம் உப்பிலிருந்தும். வழக்கமான அமிலக் கழுவலுக்கு ஜிப்சம் அசையாது.

பம்ப் அழுத்தத்தை ஒரே அளவில் வைத்துவிட்டு மறந்துவிடுவதுதான் வழக்கமான தப்பு. தண்ணீர் ஒரு டிகிரி சூடேறினால் பெர்மியேட் (மெம்பிரேனைத் தாண்டி வரும் நல்ல தண்ணீர்) சுமார் 3 சதவீதம் கூடும். வேலூரை வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள்? மே மாத மதியத்தில் பெர்மியேட் பெருகும், ஆபரேட்டருக்குச் சந்தோஷம். கடைசி வரிசை மெம்பிரேனிலோ படிவு ஏறிக்கொண்டிருக்கும். மார்கழி விடியலில் ரிஜெக்ட் நீர்த்துப்போய் எரிபொருள் வீணாகும். ஆகவே ரிஜெக்ட்டின் கன்டக்டிவிட்டியை, அதாவது உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறனை, ஒரே அளவில் பிடித்து வையுங்கள். பம்ப் வேகமும் ரிஜெக்ட் வால்வும் அதற்கேற்ப மாறட்டும். ரிஜெக்ட் ஓட்டம் மட்டும் மெம்பிரேன் தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறங்கக்கூடாது.

அடுத்தது செட் பாயின்ட், அதாவது ரிஜெக்ட்டை எந்த அளவு கெட்டியில் பிடித்து வைப்பது என்பது. உள்ளே வரும் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்த உப்பு) லிட்டருக்கு 8,000 மில்லிகிராம், ரிஜெக்ட்டில் படிவு தொடங்கும் எல்லை 32,000 என்று வைத்துக்கொள்வோம். ஏற்ற இறக்கம் 4,000 என்றால் 28,000-இல்தான் ஓட்ட முடியும். அதை 1,000-க்குள் அடக்கினால் 31,000. தினம் 500 கனமீட்டர் நிலையத்தில் ரிஜெக்ட் 143-இலிருந்து 129 கனமீட்டராகும். ஒரு டன் நீராவிக்கு நான்கு டன் தண்ணீர் வற்றும் எவாப்பரேட்டரில் தினம் மூன்றரை டன் நீராவி மிச்சம். கன்ட்ரோலரைச் சரிசெய்துவிட்டுப் பழைய செட் பாயின்ட்டிலேயே ஓட்டினால் இதில் ஒரு பைசாவும் கைக்கு வராது!

ஏற்ற இறக்கத்துக்குப் பெரிய காரணம், உப்புத்தோல் ஊறவைத்த தண்ணீர், வெயிலில் காயவைக்கும் சோலார் பாத்திக்குப் போகாமல் பொது வாய்க்காலில் கலப்பது. முதலில் அந்த வழியை அடைத்துவிடுங்கள். பிறகு பத்து நாள் மணிவாரி அளவுகளைப் பார்த்து, வாரம் 500 வீதம் செட் பாயின்ட்டை ஏற்றலாம். வெப்பநிலைக்குத் திருத்திய பெர்மியேட் 10 சதவீதம் விழுந்தால் நிறுத்திக் கழுவி, செட் பாயின்ட்டில் ஒரு படி இறங்குங்கள். கன்டக்டிவிட்டி மீட்டருக்குக் கால்சியமும் சிலிகாவும் தனித்துத் தெரியாது. வாரம் ஒருமுறை லேபில் பார்த்தால்தான் 32,000 இன்னும் 32,000-தானா என்று தெரியும்.