"சுட்டால் தெரியாதா?" என்று கேட்காதீர்கள்

சர்க்கரை உள்ள ஒருவர் கோயில் கல்லில் காலைச் சுட்டுக்கொண்டது, இந்தக் கோடையில் எனக்குத் தெரிந்து இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் மனசுக்குள் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். இந்த முறை முடியவில்லை.

வேலூரில் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கிறேன். பெரிய பேருந்துக் கூட்டங்களை நான் எடுப்பதில்லை. ஒரு குடும்பம், ஒரு வண்டி, ஒரு முழு நாள். காலையில் அவர்களோடு ஏறினால் இரவு விடுதி வாசலில் இறக்கிவிடும் வரை கூடவே இருப்பேன். சென்ற மாதம் சென்னையிலிருந்து அப்படி ஒரு குடும்பம் வந்தது. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், வயது அறுபத்தெட்டு. அவருடைய மகன், மருமகள், பத்து வயதுப் பேத்தி. ஏழு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. வந்து சேரும்போது பத்தரை ஆகிவிட்டது. "வெயில் ஏறிடுச்சு சார், கல்தரை வேண்டாம். இப்போ அருங்காட்சியகம் பார்ப்போம், கோயிலை சாயங்காலம் வச்சுக்கலாம்" என்றேன். "மலையா ஏறப்போறோம்? ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம் சார்" என்றார் மகன். நானும் இறங்கிப் போனேன்.

பழைய கோயில் அது. வெளிப் பிரகாரம் முழுக்கக் கருங்கல். மகனும் மருமகளும் பேத்தியும் தத்தித் தத்தி நிழலுக்கு ஓடினார்கள். ஆசிரியர் மட்டும் அதிட்டானத்துக் (கோயிலின் அடித்தளத்துக்) கல்வெட்டு முன்னால் நின்றுவிட்டார். 'ஸ்வஸ்திஸ்ரீ'யில் ஆரம்பித்து விரலால் எழுத்தெழுத்தாகத் தடவிப் படித்தார். பத்து நிமிஷத்துக்குக் குறையாது. இவ்வளவு ஆர்வமாகக் கல்வெட்டு பார்க்கிற விருந்தினர் எனக்கு வருஷத்துக்கு இரண்டு பேர் கிடைத்தால் அதிகம். சந்தோஷமாகப் பக்கத்தில் நின்று, பிடிபடாத எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தேன். என் காலில் காலுறை இருந்தது. அவர் காலில் எதுவும் இல்லை.

சாப்பாட்டு மேஜைக்கு அடியில் விழுந்த ஸ்பூனை எடுக்கக் குனிந்த பேத்திதான் முதலில் பார்த்தாள். "தாத்தா, உங்க கால்ல தோல் தொங்குது." அவர் ரசம் சாதம் பிசைந்துகொண்டே, "எங்கேயாவது தண்ணியில மிதிச்சிருப்பேம்மா" என்றார். குனிந்து பார்த்தேன். கழற்றிப் போட்டிருந்த செருப்பின் உட்பக்கம் ஈரம். வலது பாதத்தில், விரல்களுக்குக் கீழே மேடாக இருக்கும் இடத்தில், கொப்புளம் உடைந்து தோல் கழன்றிருந்தது. இடது காலில் கொப்புளம் இன்னும் உடையாமல் எலுமிச்சம்பழ அளவுக்கு நின்றது. அந்தக் காலோடு வண்டியிலிருந்து நடந்து வந்து, கை கழுவி, உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். வலியே இல்லை. இருபத்திரண்டு வருஷமாகச் சர்க்கரை.

வெயில் வேளையில் செருப்பைக் கழற்றாதீர்கள் என்று யாரிடம் சொன்னாலும் எனக்கு வரும் பதில் ஒன்றுதான்: "சுட்டா தெரியாதா சார்? சுட்டா காலை எடுத்துட மாட்டோமா?"

தெரியாது. அதைத்தான் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பல வருஷம் சர்க்கரை இருப்பவர்களில் நிறையப் பேருக்குப் பாதத்து நரம்பு மெல்ல மெல்லச் செத்துவிடுகிறது. ஒரே நாளில் நடப்பதில்லை என்பதால் அவர்களுக்கே அது தெரியாது. சூட்டை எதை வைத்து அளக்கிறீர்களோ அந்தக் கருவியே பழுது. பழுதான கருவி 'சூடு இல்லை' என்று காட்டுவதை நம்பித்தான் நடக்கிறீர்கள். "எனக்கு அவ்வளவா சுடலையே, பழக்கப்பட்ட காலு" என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. எல்லோரும் தத்திக் குதிக்கும் கல்லில் ஒருவர் மட்டும் நிதானமாக நின்றால், முதலில் நிழலுக்கு இழுக்க வேண்டியது அவரைத்தான். அன்றைக்கு அந்த அடையாளம் என் கண்ணுக்கு முன்னாலேயே பத்து நிமிஷம் நின்றது. அவருடைய ஆர்வம் என்று நினைத்துவிட்டேன்.

இது வேலூரில் நடப்பதுதான் எனக்கு இன்னும் வேதனை. வலி தெரியாததுதான் ஆபத்து என்று உலகத்துக்குக் காட்டிய ஊர்களில் இது ஒன்று. 1914-இல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் இங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு, அதாவது சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம். நோயாளிகளோடு இருந்து பார்த்து அவர் கண்டது வேறு. உணர்ச்சி இல்லாத கையால் கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்குகிறார்கள், ஆணி ஏறிய காலோடு நடக்கிறார்கள். காயம் ஆறுவதற்குள் அதே இடத்தில் அடுத்த காயம். விரல் போவது இப்படித்தான். இங்கேயும் பக்கத்தில் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் அந்தப் பாதங்களுக்காக நடந்த வேலையில்தான் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்புக்குப் பெரிய இடம் கிடைத்தது. இன்றைக்குச் சர்க்கரை நோயாளிகளுக்கும் அதையே எழுதிக்கொடுக்கிறார்கள். சிகிச்சைக்கு வரும் குடும்பங்கள் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் நாளில் ஊர் பார்க்கக் கிளம்பும்போது இந்தக் கதையைக் கட்டாயம் சொல்வேன். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள். நம்மவர்கள்தான் "பரவாயில்ல சார்" என்கிறார்கள்.

அப்புறம் தீமிதி வாதம். வட ஆர்க்காட்டில் திரௌபதியம்மன் கோயில் இல்லாத பக்கம் ஏது? "நெருப்பிலேயே நடக்கறோம், இந்தக் கல்லு என்ன பண்ணிடும்?" அம்மன்மேல் எனக்கும் பக்தி உண்டு, சின்ன வயதில் நானும் இறங்கியிருக்கிறேன். ஆனால் குழியில் எத்தனை விநாடி இருக்கிறீர்கள்? நாலு எட்டு, ஐந்து எட்டு. ஒவ்வொரு எட்டிலும் பாதம் படுவது ஒரு விநாடிகூட இல்லை. அதுவும் சாம்பல் பூத்த கரியின்மேல். கரியும் சாம்பலும் சூட்டைச் சீக்கிரம் கடத்தாது. கருங்கல் கடத்தும். அதன்மேல் நீங்கள் நின்று படம் எடுக்கிறீர்கள், கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறீர்கள், நான் சொல்லும் கதையைக் கேட்கிறீர்கள். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதில்லை, சும்மாவா வெயிலூர் என்கிறார்கள். காற்றே அவ்வளவு என்றால், காலையிலிருந்து வெயிலில் கிடக்கும் கல் 55, 60 டிகிரிக்குப் போகலாம். வண்டியில் ஏசி இருக்கிறது என்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இன்னொரு பழக்கம், தயவுசெய்து விட்டுவிடுங்கள். செருப்பு ஸ்டாண்டில் நிற்க நேரமாகும், திருட்டுப் போய்விடும் என்று செருப்பை வண்டியிலேயே கழற்றிப்போட்டுவிட்டு, வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து தார் ரோட்டில் வெறுங்காலோடு வருகிறீர்கள். கோயிலுக்குள் கால் வைப்பதற்கு முன்பே பாதி சேதம் முடிந்துவிடுகிறது. போனால் போகிறது செருப்பு, வாசல் வரை போட்டு வாருங்கள். திரும்பி வரும்போதும் வெயிலில் கிடந்த செருப்பை அப்படியே மாட்டாதீர்கள். அதுவும் சுடும். கையால் தொட்டுப் பார்த்து, தண்ணீர் ஊற்றிவிட்டு மாட்டுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின இரவே வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். விருந்தினராக வந்த ஒரு டாக்டர் அம்மா எனக்குக் கற்றுக்கொடுத்தது. சர்க்கரை உள்ளவரைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் ஒரு விநாடி லேசாகத் தொடுங்கள். அழுத்த வேண்டாம், தடவ வேண்டாம். தொடும்போது சொல்லச் சொல்லுங்கள். ஆறில் இரண்டு இடம் தெரியவில்லை என்றாலே சுற்றுலாவைத் தள்ளிப்போட்டு டாக்டரைப் பாருங்கள். பஞ்சுமேல் நடப்பது போல இருக்கிறதா, நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் போனதுண்டா என்றும் கேளுங்கள். ஆசிரியரிடம் மருத்துவமனையில் இதைக் கேட்டபோது, "அது ரெண்டு வருஷமாவே இருக்கே" என்றார். மகனுக்கு அதுவரை தெரியாது.

நான் சொல்கிறபடி ஒரு நாளை அமைத்தால் இந்தப் பயமே வேண்டாம். காலை ஆறரைக்குக் கோட்டை. அகழியில் தண்ணீர் அசையாமல் இருக்கும் நேரம், சுவர் அப்படியே அதில் தெரியும். 133 ஏக்கர், பதினாறாம் நூற்றாண்டு, விஜயநகரத்துக்குக் கீழே இருந்த நாயக்கர்கள் கட்டியது. முதலில் ஜலகண்டேசுவரர் கோயில். இதைச் 'சாமி இல்லாத கோயில்' என்று பழைய சொலவடையை வைத்து இன்னும் சொல்கிறார்கள். 1981-லேயே சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து பிரதிஷ்டை செய்தாகிவிட்டது, தினமும் பூஜை நடக்கிறது. கல்யாண மண்டபத்துத் தூண்களில் பாயும் யாளிகளையும் குதிரை வீரர்களையும் நிதானமாகப் பார்க்க ஒரு மணி நேரமாவது வேண்டும். மண்டபத்துக்குள் கல் குளிர்ந்தே இருக்கும். வெளிப் பிரகாரத்தைச் சுற்றுவதானால் காலையில் கிழக்கு மதிலை ஒட்டி நடங்கள், நிழல் அங்கேதான் விழும். ஒன்பதரைக்குக் கல்தரை வேலை எல்லாம் முடிந்துவிட வேண்டும்.

அதற்குமேல் கூரை உள்ள இடம், செருப்போடு போகும் இடம். அருங்காட்சியகம், திப்பு சுல்தானின் குடும்பத்தைச் சிறை வைத்திருந்த மகால்களை வெளியிலிருந்து ஒரு பார்வை, 1806 ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் கலகம் செய்தபோது என்ன நடந்தது, அதை அடக்க ஆர்க்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப் படையோடு எப்படி வந்து சேர்ந்தார் என்ற கதை. இதற்கே மத்தியானம் ஆகிவிடும். பன்னிரண்டிலிருந்து நாலு வரை விடுதியில் படுங்கள். காசு கொடுத்த நாள் வீணாகிறது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. வீணாகவில்லை. சாயங்காலம் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம், 1832-இல் இங்கேயே சிறையில் இறந்த கண்டியின் கடைசி அரசர் விக்கிரம ராஜசிங்கனின் சமாதி. விளக்கு வைத்த பிறகு ஸ்ரீபுரம் தங்கக் கோயில். அங்கே நட்சத்திர வடிவப் பாதை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நடை, அதையும் பகலில் வைத்துக்கொள்ளாதீர்கள். சோளிங்கரின் 1305 படிகளையும், திருவண்ணாமலை கிரிவலத்தின் 14 கிலோமீட்டரையும் இதே நாளில் சேர்க்கச் சொல்லிக் கேட்பவர்களுக்கு இப்போதெல்லாம் நேராகவே முடியாது என்று சொல்லிவிடுகிறேன்.

மாலை நாலு மணிக்கு வெயில் தாழ்ந்துவிட்டது என்று கல்லில் இறங்க வேண்டாம். வெயில் தாழும், கல் ஆற நேரமாகும். புறங்கையைத் தரையில் வைத்துப் பத்து எண்ணுங்கள். கை தாங்கவில்லை என்றால் காலும் வேண்டாம். சர்க்கரை உள்ளவருக்காக உணர்ச்சி நன்றாக இருக்கும் இன்னொருவர் இதைச் செய்ய வேண்டும். தடித்த பருத்திக் காலுறை இரண்டு ஜோடி எடுத்து வாருங்கள். பல கோயில்களில் அதோடு விடுகிறார்கள், வாசலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். காலுறை இருக்கிறதே என்று உச்சி வெயிலில் நிற்க அது உத்தரவாதம் இல்லை. வெள்ளைப் பெயின்ட் அடித்த பாதையோ நனைத்த தேங்காய் நார் விரிப்போ இருந்தால் அதைவிட்டு இறங்காதீர்கள். ஒவ்வொரு முறை வண்டியில் ஏறும்போதும் பெரியவர்களின் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். கூச்சப்படுவார்கள். பார்த்துத்தான் ஆக வேண்டும்.

மீறிச் சுட்டுவிட்டால், ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காலைக் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். கொப்புளத்தைக் குத்தாதீர்கள். அன்றைக்கு ஓட்டலில் ஒருவர் பற்பசை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார், இன்னொருவர் மஞ்சள்தூள் என்றார். எதுவும் பூசக் கூடாது. சுத்தமான துணியால் தளர்வாக மூடி, அன்றே டாக்டரிடம் போங்கள், 'நாளைக்கு ஊரில் பார்த்துக்கலாம்' வேண்டாம். சர்க்கரை உள்ள காலில் புண் என்றால் ஒரு இரவே நீளம். கால் வலிக்கிறது என்று விடுதியில் பக்கெட் வெந்நீரில் காலை வைப்பதும் இதே ஆபத்துதான், வெந்நீர் சுடுவதும் அவர்களுக்குத் தெரியாது.

கூடத் தொழில் செய்யும் தம்பிகளுக்கும் ஓட்டுநர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முன்பணம் வாங்கும்போதே "வீட்ல யாருக்கு சர்க்கரை?" என்று கேட்டுவிடுங்கள். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கல்லில் நிறுத்திக் கதை சொல்லாதீர்கள், கதையை மண்டபத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். விருந்தினர் அவசரப்படுத்தினாலும் இறங்கிப் போகாதீர்கள். நான் இறங்கிப் போனேன்.

ஆசிரியருக்கு இன்னும் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றுகிறார்கள். இடது கால் ஆறிவிட்டது, வலது காலில் ஒரு ரூபாய் நாணய அளவு பாக்கி. நேற்று அவரே போன் செய்தார். கல்வெட்டில் கடைசி இரண்டு வரி படிக்காமல் விட்டுப்போயிற்றாம், மார்கழியில் வரட்டுமா என்று கேட்டார். டாக்டர் சரி என்று சொன்னால் வாருங்கள் ஐயா என்றேன். காலை ஆறரை மணி, காலுறையோடு. அந்தக் கல்வெட்டு முன்னால் போட ஒரு மணைப்பலகையும் தடித்த விரிப்பும் நான் எடுத்து வருகிறேன்.