உள்நாட்டுப் போர்: சொல் விளக்கம்

ஒரு நாட்டின் மக்கள் அணிகளாகப் பிரிந்து, ஆட்சியைப் பிடிக்கவோ தனிநாடு காணவோ படை திரட்டி மோதுவது உள்நாட்டுப் போர். ‘உள்நாட்டு யுத்தம்’, ‘சிவில் யுத்தம்’ என்றும் எழுதுகிறார்கள். பின்னது எனக்கு ஒப்பவில்லை. சிவில் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சொத்து வழக்கும் கட்டட வேலையும்தான்.

மூலம் இலத்தீன். ‘கிவிஸ்’ என்றால் குடிமகன். ‘பெல்லும் கிவிலே’ என்றால் குடிமக்கள் தமக்குள் நடத்தும் போர். உரோமானியர்களுக்கு அது கூச்சம் தரும் சொல். அயலாரை வென்றவனுக்குத்தான் வெற்றி ஊர்வலம். கி.மு. 45இல், உரோமானியத் தளபதி பாம்பேயின் மகன்களை வென்றதற்காகச் சீசர் ஊர்வலம் போனதும் ஊரே முகம் சுளித்தது.

தமிழில் ‘உள்நாடு’ இடத்தைத்தான் சொல்கிறது, ஆளைச் சொல்லவில்லை. பழைய இலக்கியம் ஆளைப் பார்த்தது. நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டிருக்க, உள்ளே நெடுங்கிள்ளி அடைபட்டுக் கிடந்தான். இருவரும் சோழர், இருவருக்கும் ஆத்தி மாலை. யார் தோற்றாலும் ‘தோற்ப நும் குடியே’ என்றார் கோவூர் கிழார் (புறநானூறு 45). போருக்கு முந்தைய நிலைக்கும் சொல் இருக்கிறது: உட்பகை. குறளின் 89ஆம் அதிகாரத் தலைப்பே அது. உட்பகை புகுந்த குடி, செப்பும் மூடியும்போல வெளிப்பார்வைக்குப் பொருந்தியிருக்கும், உள்ளே ஒட்டாது என்கிறார் வள்ளுவர்.

1850களின் அமெரிக்கா அப்படித்தான் இருந்தது. புதிய நிலப்பகுதிகளில் அடிமைமுறையை அனுமதிப்பதா என்பதுதான் சச்சரவு. 1820இல் மிசௌரி உடன்பாடு அடிமைமுறைக்குப் போட்ட எல்லைக்கோட்டை 1854இன் கான்சஸ்–நெப்ராஸ்கா சட்டம் அழித்தது. அங்கே குடியேறியவர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டதும், இரு தரப்பாரும் துப்பாக்கியோடு கான்சஸில் போய் இறங்கினார்கள்.

1856 மே 22. கான்சஸ் விவகாரத்தில் அடிமைமுறையைச் சாடிப் பேசிய மாசசூசெட்ஸ் உறுப்பினர் சார்லஸ் சம்னர், செனட் அவையில் தம் மேசையில் எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சில் தம் உறவினரை இழிவுபடுத்திவிட்டார் என்று, தென் கரோலினாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பிரெஸ்டன் புரூக்ஸ் கைத்தடியால் அவரைத் தாக்கினார். மேசை தரையோடு திருகப்பட்டிருந்ததால் சம்னரால் சட்டென்று எழ முடியவில்லை. தடி முறிந்த பிறகும் அடி ஓயவில்லை. எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது அடுத்து நடந்தது: அடிமைமுறை நிலவிய தெற்கிலிருந்து புரூக்ஸுக்குப் புதிய தடிகள் பரிசாக வந்தன, பதவி விலகியவரைத் தொகுதி மறுபடி தேர்ந்தெடுத்தது. காயம்பட்ட சம்னரையும் மாசசூசெட்ஸ் மறுபடி தேர்ந்தெடுத்து, அவர் திரும்பும்வரை இருக்கையைக் காலியாகவே வைத்திருந்தது. ஒரே அடி, ஒரு பாதிக்கு வீரம், மறு பாதிக்குக் காட்டுமிராண்டித்தனம்.

பிறகு எல்லாம் வேகம். 1860 அதிபர் தேர்தலில், அடிமைமுறை பரவுவதை எதிர்த்த லிங்கன் வென்றார். டிசம்பர் 20இல் தென் கரோலினா பிரிந்தது. 1861 ஏப்ரல் 12இல் கூட்டரசின் சம்டர் கோட்டை மீது தெற்கின் குண்டு விழுந்தது, போர் தொடங்கியது. நான்கு ஆண்டுகளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

அதற்குப் பெயர் வைப்பதிலும் தகராறு. வடக்கின் அரசு ஆவணத் தொகுப்பு ‘கலகப் போர்’ என்றது. தெற்கத்தியர் பலருக்கு அது ‘மாநிலங்களுக்கிடையிலான போர்’. கலகம் என்றால் மறுதரப்பு குற்றவாளி. மாநிலங்களின் போர் என்றால் இரு தரப்பும் சமம். 1863இல் கெட்டிஸ்பர்க்கில் லிங்கன் சொன்னது உள்நாட்டுப் போர் என்றுதான்.

ஆகவே படைகள் மோதினால் ‘உள்நாட்டுப் போர்’ என்றே எழுதலாம். வேரூன்றிய சொல், மாற்ற வேண்டியதில்லை. தெருவில் நடக்கும் அடிதடிக்குக் ‘கலவரம்’ போதும். 1854 முதல் 1860 வரை அமெரிக்கா இருந்த நிலைக்கு ‘உட்பகை’யைத் தயங்காமல் எடுத்தாளலாம்.