காலையில் வாருங்கள், காலை ஊன்றாதீர்கள்

திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள நிலாவெளியில் இருந்து வெளிநாட்டவரைப் படகில் புறாத்தீவுக்குக் கூட்டிப்போய் முருகைக்கல் காட்டுவது என் தொழில். தமிழகத்தில் பவளப்பாறை என்பார்கள். சந்திக்கும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இந்த முறை சனம் வருதோ?"

வருகிறது. போர் முடிந்த 2009இல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டவர் ஏறக்குறைய 4.5 லட்சம். 2018இல் 23 லட்சம். அப்புறம் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, கொரோனா என்று விழுந்து, 2021இல் 2 லட்சம்கூட இல்லை. 2024இல் மறுபடி 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

ஆனால் இது கட்டுநாயக்கா விமான நிலையத்தில் எண்ணிய தலைகள். கடலுக்குள் நான் எண்ணுவது கால்களை.

முருகைக்கல் பார்க்க ஒரு காலத்தில் எல்லோரும் போனது தெற்கே ஹிக்கடுவைக்கு. கண்ணாடி அடித்தளப் படகுகள் அங்கே பிரபலம். 1979இலேயே அதைச் சரணாலயம் ஆக்கினார்கள். 1998இல் கடல் சூடேறியபோது அங்கே பெரும்பகுதி வெளுத்துச் செத்தது. எங்கள் பக்கம் அப்போது தப்பியது. போரும் முடிந்து பாதை திறந்ததும், தெற்கே மிரிசையில் திமிங்கிலம் பார்த்தவர்கள் அடுத்ததாகக் கிழக்குக்கும் வரத் தொடங்கினார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வாடைக்காற்று ஓய்ந்து எங்கள் கடல் அடங்குவதும், தண்ணீர் அதிகம் சூடாவதும் ஏப்ரல், மே மாதங்களில்தான். முருகைக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடுவது கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி. வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு பாகை (டிகிரி) கூடி, சில வாரம் அப்படியே நின்றால் அந்தப் பாசி வெளியேறிவிடும்; கல் வெளுத்துவிடும். உடனே சாகாது. தண்ணீர் குளிர்ந்தால் தேறும். அந்த நோயாளியின் மேல்தான் நாங்கள் படகு படகாக ஆட்களை இறக்குகிறோம்.

ஒருநாள் பதினொரு மணி இருக்கும். இடுப்பளவு தண்ணீர். ஒருவருடைய முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தது. பதறி எழுந்து நின்றுவிட்டார். மொறுக்கென்ற சத்தம் தண்ணீருக்குள் எனக்குக் கேட்டது. என் கையளவு கிளை ஒன்று முறிந்து கிடந்தது. வேகமாக வளரும் இனமே வருடத்துக்குப் பத்து சென்டிமீட்டர் போனால் பெரிது. பிழை அவருடையது இல்லை. நான் வேறொருவருக்குப் படம் எடுத்துக்கொண்டு நின்றேன்.

படகோட்டி அண்ணை திரும்பும் வழியில் கேட்டார்: "ஏன் தம்பி, நீந்தத் தெரியுமோ எண்டு கரையில கேக்கிறேல்லையோ?"

அன்றிலிருந்து கேட்கிறேன். மணல் பக்கம் முதலில் மிதக்கவிட்டுப் பார்க்கிறேன். முன்பு ஒரு வாரம் தங்கி, தினமும் ஒரே இடத்தைப் பார்த்தவர்கள் உண்டு. இப்போது அரைநாள், ஒரு காணொளி, அடுத்த ஊர். 2023இலும் 2024இலும் அதிகம் வந்தது இந்தியர்கள், அடுத்து ரஷ்யர்கள். நாடு எதுவானால் என்ன, முதன்முதலாகக் கடலில் முகம் வைப்பவர் காலூன்றத்தான் இடம் தேடுவார். ஓகஸ்ட் விடுமுறையில் வரும் நம்மவர்களும் அப்படித்தான்.

மூடினால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்குத் தாய்லாந்தின் மாயா விரிகுடாவைச் சொல்வேன். 2018இல் மூடினார்கள், 2022இல் திறந்தார்கள். இடையில் கருமுனைச் சுறாக்கள் திரும்பி வந்தன. எங்கள் தீவின் பின்பக்கம் வருவதும் அதே இனம்தான். இங்கே மூடினால் என் வீட்டில் அடுப்பு எரியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே நான் கேட்பது சின்ன விசயங்கள்.

முதல் படகில் வாருங்கள். சுறாக்களும் அந்த நேரத்தில்தான் கரையோரம் வரும். சன்கிரீமை அப்பாமல் முழுக்கைச் சட்டை போடுங்கள். நீந்தத் தெரியாவிட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், மிதவைச் சட்டை தருவோம். முகமூடியில் தண்ணீர் புகுந்தால் எழுந்து நிற்க வேண்டாம். மல்லாந்து மிதந்தபடி கையைத் தூக்குங்கள், நான் வந்துவிடுவேன்.