சலக்கடுப்புக்குப் பாமசியில் குளிசை கேட்பவர்களுக்கு

இந்த வாரமும் ஒருவர் வந்தார். வெள்ளவத்தையில் இருந்து, இளம் ஆசிரியை. கைபேசியில் அன்டிபயோட்டிக் (கிருமிகொல்லி) குளிசை மட்டைகளின் படங்கள் வைத்திருந்தார்: சிப்ரோஃப்ளொக்ஸசின், செஃபிக்ஸிம், கோ-அமொக்ஸிக்ளாவ், அப்புறம் திரும்பவும் சிப்ரோ. எல்லாம் ஒரு வருடத்துக்குள். சில பாமசியில் சும்மா கேட்டு வாங்கியவை, ஒன்று அக்கா வீட்டில் மிஞ்சிக் கிடந்தது. ஒரு தடவைகூடச் சிறுநீர்க் கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை லாபில் வளர்த்து, எந்த மருந்துக்குப் பணியும் என்று பார்ப்பது) செய்யவில்லை. இப்போது காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்க நோ. கல்ச்சரில் ஈ.கோலை என்ற கிருமி வளர்ந்தது, வாயால் கொடுக்கும் மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு அது அசையவில்லை. வார்டில் படுத்து, நாளம் வழியாக மெரோபெனெம் என்ற அன்டிபயோட்டிக்கை ஏற்றவேண்டி வந்தது. வெறும் சலக்கடுப்பாக, சிறுநீர் போகும்போது எரிவாகத் தொடங்கிய நோய் இது.

எனக்குப் பொறுக்கமுடியாத வசனம் ஒன்று உண்டு: "டொக்டர், அந்தக் குளிசை எனக்குப் பழகிப்போச்சு, கொஞ்சம் பவரானதாத் தாங்கோ." உங்கள் உடம்புக்கு எதுவும் பழகவில்லை. மாறியது கிருமி. சிறுநீர்த் தொற்றைக் கொண்டுவரும் ஈ.கோலை பெரும்பாலும் உங்கள் குடலில் இருந்துதான் வருகிறது. நீங்கள் விழுங்கும் ஒவ்வொரு அன்டிபயோட்டிக்கும் அங்கேயும் போகிறது. மருந்துக்குப் பணிகிறவை சாக, பணியாதவை பெருகுகின்றன. அடுத்த தொற்று அவற்றில் இருந்து வரும். அதே கிருமி வீட்டில் மாமியாருக்கும் பிள்ளைக்கும் பரவலாம், அவர்கள் ஒரு குளிசையும் தொடாமலே.

பவர் என்ற கணக்கும் பிழை. நைட்ரோஃபுரன்டொயின் 1950களில் வந்த பழைய மருந்து. சிப்ரோ தோற்கும் சிறுநீர்ப்பைத் தொற்றுகளில் பல இன்றும் அதற்குக் கட்டுப்படுகின்றன. அதே மருந்து சிறுநீரகத் தொற்றுக்கு உதவாது, அங்கே அது போதிய அளவில் சேர்வதில்லை. கிருமிக்கும் இடத்துக்கும் ஏற்ற மருந்துதான் தேவை. சிப்ரோவையும் செஃபிக்ஸிமையும் உலக சுகாதார நிறுவனம் கவனமாகப் பாவிக்கவேண்டிய மருந்துகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. அவற்றைத்தான் நம் ஊரில் தலையிடிக் குளிசை மாதிரிக் கேட்டு வாங்குகிறோம். இலங்கைச் சட்டப்படி டொக்டரின் துண்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் விற்கக்கூடாது. பாமசிக்காரரை நான் திட்டலாம், ஆனால் கேட்கிறவர்களும் நிறுத்தவேண்டும்.

இன்னொன்று. சிறுநீர் ரிப்போட்டில் 'பஸ் செல்ஸ்' (சீழ்க் கலங்கள்) அதிகம் இருக்கிறது என்று பயந்து ஓடிவருகிறார்கள். எரிவு இல்லை, அடிக்கடி போகவேண்டிய அவசரம் இல்லை, காய்ச்சல் இல்லை. அறிகுறி இல்லாதவர்களுக்கு, கர்ப்பிணிகளையும் சிறுநீர்ப்பாதைச் சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்களையும் தவிர, பொதுவாக அன்டிபயோட்டிக் தேவையில்லை. அந்த ரிப்போட்டை மடித்து வையுங்கள். (எங்களில் சிலரும் இதற்குத் துண்டு எழுதுகிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.)

ஆறு மாதத்தில் 2 தடவை அல்லது வருடத்தில் 3 தடவை வந்தால் அது திரும்பத் திரும்ப வரும் தொற்று. அப்படியானவர்கள் தயவுசெய்து முதல் குளிசைக்கு முன்னர் கல்ச்சருக்குக் கொடுங்கள். குளிசை போட்ட பின்னர் கொடுத்தால் கிருமி வளராமலே போகலாம். கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைக் கிருமி நீக்கிய போத்தலில் பிடியுங்கள். ஜாம் போத்தல் வேண்டாம். இரண்டு மணித்தியாலத்துக்குள் லாபுக்குக் கொடுங்கள், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். பஸ்ஸில் மணிக்கணக்காக வெயிலில் அலைந்த சாம்பிளில் எல்லாக் கிருமியும் வளரும், லாபில் உள்ளவர்கள் தலையில் கைவைப்பார்கள். பழைய கல்ச்சர் ரிப்போட்டுகளை எறியாதீர்கள், எங்களுக்கு அவை பொன்.

தண்ணீரைக் கூட்டுங்கள். குறைவாகக் குடிக்கும் பெண்கள் நாளுக்கு 1.5 லீட்டர் கூடக் குடித்தபோது தொற்று வருவது குறைந்ததை ஆய்வு காட்டியிருக்கிறது. இதயம், சிறுநீரகத்தில் நோய் உள்ளவர்கள் கேட்டுவிட்டுக் கூட்டுங்கள். புறக்கோட்டையில் கடையில் நிற்கும் பிள்ளைகள் டொய்லெட் அசுத்தம் என்று காலையில் இருந்து அடக்கிக்கொண்டு, அதற்காகத் தண்ணீரும் குடிக்காமல் இருக்கிறார்கள். முதலாளிமாருக்கு என் வேண்டுகோள், ஒரு சுத்தமான டொய்லெட் கொடுங்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு யோனியில் பூசும் ஈஸ்ட்ரஜன் கிறீம் நல்ல பலன் தரும், வெட்கப்படாமல் கேளுங்கள். பொல்பல மூலிகையை அவித்துக் குடிப்பதை நான் தடுப்பதில்லை, ஆனால் அதை நம்பிக் காய்ச்சலோடு வீட்டில் இருக்காதீர்கள்.

காய்ச்சல், நடுக்கம், விலா நோ, வாந்தி இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, ஆணாக இருந்தாலோ அன்றைக்கே வாருங்கள். கல்ச்சர் ரிப்போட் வர இரண்டு மூன்று நாள் செல்லும். அதுவரை காக்க வைக்கமாட்டோம். சாம்பிளை எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கி, ரிப்போட் வந்ததும் மாற்றுவோம்.