க்ரீக் என்றால் ஓடையா? ‘கழி’ என்னும் சொல்லைப் பற்றி

எண்ணூரில் ஒரு டீக்கடை வாசலில் நின்று நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தோம். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் கலப்பதை நிறுத்தச் சொல்லும் நோட்டீஸ். ஆங்கிலத்தில் ஒருவர் எழுதித் தந்ததை நான்தான் தமிழில் பெயர்த்திருந்தேன். கட்டுமரக் காலத்திலிருந்து தொழில் பார்த்த பெரியவர் ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தலைப்பை எழுத்துக் கூட்டிப் படித்தார்: ‘எண்ணூர் சிற்றோடையைக் காப்போம்.’

“எந்த ஓடை தம்பி?” என்றார். “இங்க ஓடையே இல்லியே. மணலிப் பக்கம் ஏதாச்சும் சொல்றியா?”

நான் கையை நீட்டித் தண்ணீரைக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார், அப்புறம் நோட்டீஸைப் பார்த்தார். “இதுவா ஓடை?” என்று கேட்டு, தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆங்கிலத்தில் இருந்தது ‘க்ரீக்’, அதற்கு அகராதி சிற்றோடை என்றுதான் சொல்லியது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அகராதி பொய் சொல்லவில்லை. எனக்குத் தேவையான ஆங்கிலத்துக்குப் பதில் வேறொரு ஆங்கிலத்துக்குப் பொருள் சொல்லியிருந்தது, அவ்வளவுதான். க்ரீக் என்ற சொல் பழைய நார்ஸ் மொழியின் ‘கிரிகி’யிலிருந்து வந்தது. மூலை, இடுக்கு, வளைவு என்று பொருள். இங்கிலாந்தில் கடல் நிலத்துக்குள் நுழைந்து கிடக்கும் நீர்ச்சந்துக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் அப்படிப்பட்ட சந்துகள் வழியாகத்தான் உள்நாட்டுக்குள் போனார்கள். போகப் போக உப்புத்தண்ணீர் நல்ல தண்ணீராகி, கடைசியில் காட்டோடை ஆகிவிட்டது. பெயரை மட்டும் மாற்றவில்லை. அதனால்தான் இன்றைக்கும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் க்ரீக் என்றால் சின்ன ஓடை, இங்கிலாந்தில் கடல் புகும் கால். எண்ணூர் நீருக்கு க்ரீக் என்று பெயர் வைத்த வெள்ளைக்காரன் இங்கிலாந்துப் பொருளில் வைத்தான். அகராதி எனக்கு அமெரிக்கப் பொருளைக் கொடுத்தது.

இங்கிலாந்துப் பொருளுக்குத் தமிழில் சொல் தேடி அலைய வேண்டியதே இல்லை. நெய்தல் பாடல்களில் எங்கே கை வைத்தாலும் கிடைக்கும்: கழி. இருங்கழி, மாக்கழி என்று அடைமொழியோடு திரும்பத் திரும்ப வரும். அகநானூற்றில் ஒரு கோவேறு கழுதை வருகிறது. தலைவனை ஏற்றிக்கொண்டு வந்த வழியில், கழியில் இருந்த சுறா தாக்கி அதன் காலில் புண். இந்த ஒரு காட்சி போதும், கழி என்றால் என்ன என்று சொல்ல. சுறா உலவுகிற தண்ணீர் என்றால் அது கடல்தண்ணீர். கழுதை இறங்கிக் கடக்கிற தண்ணீர் என்றால் ஆழமில்லாத தண்ணீர். கடல் ஏறி வந்து, ஆழமில்லாமல் பரந்து, நடந்து கடக்க முடிகிற அளவில் நிற்கும் இடம். ஓடையில் சுறா வராது.

சரி, கழி என்று போட்டிருந்தால் பெரியவருக்குப் புரிந்திருக்குமா? அதுவும் சந்தேகம்தான். கரையில் இருப்பவர்கள் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. தொழிலுக்குப் போனால் ‘ஆத்துக்கு’ப் போகிறார்கள், ஆறு கடலில் சேரும் வாயை ‘மொகத்துவாரம்’ என்கிறார்கள். முகம், துவாரம் இரண்டுமே வடசொல்தான், ஆனால் ஊர்ப்பெயராகவே ஊறிவிட்டது: முகத்துவாரக் குப்பம் என்று ஒரு குப்பமே இருக்கிறது. கொழும்பில் களனி ஆற்று வாயருகே உள்ள பகுதிக்கும் தமிழில் முகத்துவாரம் என்றுதான் பெயர். தனித்தமிழில்தான் வேண்டும் என்றால் புகார் இருக்கிறது. ஆறு கடலில் புகும் இடம் புகார். காவிரி புகுந்த பட்டினம் அந்தப் பெயரை மொத்தமாக எடுத்துக்கொண்டுவிட்டது. முகத்துவாரக் குப்பத்தைப் புகார்க் குப்பம் ஆக்கச் சொல்லும் ஆள் நானில்லை. பொதுவழக்கில் புகார் என்றால் இப்போது காவல் நிலையத்தில் கொடுப்பது. எண்ணூர் மக்கள் அதை ஏற்கெனவே நிறையக் கொடுத்துவிட்டார்கள்.

முகத்துவாரம் என்ற சொல்லில் வேறொரு சிக்கல். அது வாயை மட்டும் சொல்லும், வயிற்றைச் சொல்லாது. எண்ணூரில் கொசஸ்தலை கிழக்கே வந்து கடலில் சேர்கிறது. பக்கிங்காம் கால்வாய் வடக்கு தெற்காக அதைக் குறுக்கே வெட்டிப் போகிறது. வடக்கே போனால் பழவேற்காடு ஏரிவரை நீர்த்தொடர்பு உண்டு. இடையில் சேற்றுத்திட்டு, கண்டல் என்னும் அலையாத்திச் செடி, அத்திப்பட்டுப் பக்கத்து உப்பளம் எல்லாம். இவ்வளவும் சேர்ந்ததுதான் க்ரீக். பத்திரிகைகள் பெரும்பாலும் ‘எண்ணூர் முகத்துவாரம்’ என்றே எழுதுகின்றன. அதைப் படிக்கிறவருக்கு, மணல் அடைத்துக்கொண்ட ஒரு வாய், தூர்வாரினால் தீர்ந்தது என்றுதான் தோன்றும். சாம்பல் படிந்திருப்பது வாயில் மட்டுமில்லை. செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனல்மின் நிலையத்திலிருந்து குழாயில் போகும் சாம்பல் குழம்பு, குழாய் உடைந்த இடமெல்லாம் வழிந்து, உள்ளே வெகுதூரம் தரையாகவே இறுகிக் கிடக்கிறது. ‘கழிமுகம்’ என்று எழுதுகிறவர்களுக்கும் இதே பதில்தான்: கழியின் முகம் கழிமுகம், கழி முழுவதும் முகமில்லை.

அடுத்த நோட்டீஸுக்கு, கூடவே ஒரு பேனருக்கும், ‘எண்ணூர்க் கழியைக் காப்போம்’ என்று எழுதிக் கொடுத்தேன். டிடிபி கடைத் தம்பி நல்லவர், எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் சும்மா விடமாட்டார். மறுநாள் காலையில் பேனரை விரித்தால், எட்டடி அகலத்தில் ‘எண்ணூர் கழிவைக் காப்போம்’. எழுத்து விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துச் சேர்த்துவிட்டாராம். டீக்கடைப் பெரியவர் அன்றைக்கும் வந்திருந்தார். “இப்பதான் கரெக்டா போட்டுகீற. அதத்தானே காப்பாத்திக்கினு கீறாங்க” என்றார். பேனரைச் சுருட்டி வைத்துவிட்டோம்.

தம்பிமேல் தப்பில்லை. கழி என்று கேட்டால் இன்றைய காதுக்கு முதலில் கணக்குக் கழித்தல், அடுத்து மூங்கில் கழி, அப்புறம் கழிவு, கழிப்பறை. நீர்நிலை ஞாபகத்துக்கே வருவதில்லை. இன்னொரு கழி இருக்கிறது, ‘மிகுதி’ என்று பொருள்தரும் உரிச்சொல். ‘சால உறு தவ நனி கூர் கழி மிகல்’ என்று நன்னூல் அடுக்குகிறது. அளவுக்கு மீறித் தின்பவனைக் குறள் ‘கழிபேர் இரையான்’ என்கிறது. ஒரே எழுத்துக்கூட்டில் குறைவதும் மிகுவதும் கழிவதும். கடல் ஏறும்போது மிகுந்து, இறங்கும்போது குறைகிற நீருக்கு இந்தப் பெயர் அமைந்தது பொருத்தமாகத்தான் எனக்குப் படுகிறது. சொற்பிறப்பாகச் சொல்லவில்லை, பிடித்ததால் சொல்கிறேன்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, க்ரீக் என்றே எழுதிவிட்டுப் போனால் என்ன என்று நண்பர்கள் கேட்டார்கள். பேச்சுக்குச் சரி. சட்டம் என்று வந்தால் இடிக்கிறது. 1991ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை எந்தெந்தக் கரைகளுக்குப் பொருந்தும் என்று ஒரு வரிசை சொல்கிறது. அதைத் தமிழில் எழுதிப் பாருங்கள். கடல், விரிகுடா, கழிமுகம் வரை ஓடுகிறது. நான்காவதாக க்ரீக் வருகிறது. ஐந்தாவது ஆறு. ஆறாவது, கேரளத்துப் படகுவீட்டை வைத்து நாம் ஆங்கிலத்திலேயே சொல்லிப் பழகிய பேக்வாட்டர். ஆறும் வேறு வேறு பொருள். ஆறுக்கும் ஆறு சொல் வேண்டும். க்ரீக்குக்குக் கழி, பேக்வாட்டருக்கு உப்பங்கழி அல்லது காயல் என்று வைத்தால் வரிசை நிற்கிறது. நான்காவதை ஓடை ஆக்கினால் வரிசையே உடைகிறது, ஏனென்றால் இந்த நீரெல்லாம் அந்தப் பட்டியலில் இருப்பதற்கு ஒரே காரணம், ஓதம் உள்ளே வருகிறது என்பதுதான்.

ஓதம் என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். கடல் ஏறி இறங்குவது ஓதம். ஆங்கிலத்து ‘ஹை டைட் லைன்’ சில தமிழ் ஆவணங்களில் ‘உயர் அலைக் கோடு’ என்று இருப்பதைப் பார்க்கிறேன். அலை வேறு, ஓதம் வேறு. அலை காற்றுக்கு எழும், விநாடிக் கணக்கில் வந்து போகும். ஓதம் நிலவுக்கும் சூரியனுக்கும் கட்டுப்பட்டு மணிக்கணக்கில் ஏறி இறங்கும், அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கூடுதலாக. கரையில் ‘தண்ணி ஏறுது, தண்ணி வடியுது’ என்பார்கள். வடசென்னை வீடுகளில் இந்தச் சொல் வேறு வேடத்தில் உயிரோடு இருக்கிறது: சுவரின் அடியிலிருந்து ஈரம் ஏறிச் சுண்ணாம்பு உரிந்தால் ‘ஓதம் அடிக்குது’. எங்கள் வீட்டுச் சுவரில் அது முழங்கால் உயரத்தில் நிற்கிறது.

ஓதம் எதுவரை வருகிறது என்பதை அதிகாரிகள் உப்பை வைத்து அளக்கிறார்கள். ஆண்டின் மிக வறண்ட காலத்தில் தண்ணீரில் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு எங்கே வரைக்கும் இருக்கிறதோ, அதுவரை ஓதத்தின் ஆட்சி என்று, 1991க்குப் பதிலாக வந்த 2011 அறிவிக்கை சொன்னது. ‘உப்பங்கழி’ என்று பெயர் வைத்தவர்கள் நாக்கால் அளந்ததைத்தான் இவர்கள் கருவியால் அளக்கிறார்கள். அதுவரை இரு கரையிலும் 100 மீட்டர், அல்லது நீரின் அகலம், இரண்டில் எது குறைவோ அது பாதுகாப்புக்குள் வந்தது. 2019இல் அந்த 100ஐ 50 ஆக்கிவிட்டார்கள். ஓடை என்று பெயர் வைத்துவிட்டால் உப்பைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. மழைத்தண்ணீர் போகும் வாய்க்கால், திருப்பலாம், தூர்க்கலாம், மேலே கூடம் கட்டலாம். எண்ணூரில் பெயரோடு நிற்கவில்லை. 1996இல் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்த கடலோர மண்டல வரைபடத்தில் இருந்த க்ரீக், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 2017இல் கைக்கு வந்த இன்னொரு வரைபடத்தில் காணவில்லை என்று மீனவர்களும் சூழல் செயற்பாட்டாளர்களும் இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினார்கள்.

காலநிலை மாற்றம் பற்றிப் பேசும்போதும் இதே சொல்தான் வந்து நிற்கிறது. சென்னைக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் அதிகமில்லை, சுமார் ஒரு மீட்டர். நிலம் தட்டை என்பதால் அதுவே வெகுதூரம் உள்ளே போகிறது. கடல்மட்டம் உயர்ந்தால் ஒவ்வொரு ஓதமும் கொஞ்சம் உயரத்திலிருந்தே தொடங்கும். பெருமழை நாளில் ஆற்றுவெள்ளம் வந்து சேரும் நேரம் ஓதம் ஏறும் நேரமாக அமைந்துவிட்டால், வெள்ளம் வடிய வழியில்லாமல் காத்திருக்க வேண்டும். அது காத்திருக்கும் இடம்தான் கழி. அதைச் சாம்பலும் கட்டடமும் எடுத்துக்கொண்டால் வெள்ளம் தெருவில் காத்திருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல்மழையின்போது அப்படித்தான் காத்திருந்தது, வெறுங்கையோடும் இல்லை. மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் வந்தது. படகு, வலை, கண்டல் வேர், கூழைக்கடாவின் இறகு என்று எதையும் விடவில்லை. தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதற்குச் சில வீடுகளின் சுவரில் எண்ணெய்க் கோடே சாட்சி.

கழியின் உறவுக்காரர்கள் சிலரையும் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் களப்பு; மட்டக்களப்பின் பெயரில் இருப்பது அதுதான். கன்னியாகுமரிப் பக்கம் ஆற்றுவாய்க்குப் பொழிமுகம் என்பார்கள், மலையாளத்தில் அழிமுகம். பள்ளிக்கரணையைப் பழைய ஆட்கள் கழுவெளி என்பார்கள், மரக்காணத்துக்குப் பக்கத்து ஏரிக்கும் அதே பெயர். ‘ஆழி’யை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். புலவருக்கு ஆழி கடல், எண்ணூர்க்காரருக்கு ஆழி சிப்பி. தென்னமெரிக்கப் பக்கமிருந்து வந்து கழியின் அடித்தரை முழுக்கப் பாய் விரித்தாற்போல் ஒட்டிக்கொண்டிருக்கும் கறுப்புச் சிப்பிக்கு அவர்கள் வைத்த பெயர் காக்கா ஆழி. சேற்றில் இறங்கிக் கையால் துழாவி, பிடித்ததைப் பல்லில் கவ்வியிருக்கும் பறியில் போட்டுக்கொள்ளும் இருளர் பெண்களின் இறால் பிடிப்பை அந்தச் சிப்பி கெடுத்துவிட்டது. துழாவினால் விரலைக் கிழிக்கிறது.

ஆக, நான் இப்போது எழுதும் முறை இது. ஊர்க்காரரிடம் பேசும்போது ஆறு, முகத்துவாரம். மனுவிலும் நோட்டீஸிலும் எண்ணூர்க் கழி. முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் பக்கத்திலேயே ‘முகத்துவாரம் முதல் உப்புத்தண்ணீர் ஏறும் இடம் வரை’ என்று சேர்த்துவிடுவேன். ‘எண்ணூர்’ முடிந்ததும் ஒற்று போடுவதா வேண்டாமா என்பதில் எங்கள் குழுவில் இன்னும் சண்டை தீரவில்லை. போட வேண்டும் என்பது என் கட்சி. டிடிபி கடைக்குப் போகும்போது மட்டும் அந்தச் சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ‘இது பிழையில்லை’ என்று பக்கத்தில் எழுதிக் கொடுக்கிறேன்.